குடிமையியல் ஆசிரியர் நடத்திய ரகசிய வாக்கெடுப்பு

ஜனநாயகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அதில் தலையாயவர் ஒன்பதாம் வகுப்புக் குடிமையியல் ஆசிரியர். நீங்களும் அவரிடம் படித்திருப்பீர்கள்.

‘கருத்துச் சுதந்திரம்’ என்று கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பி, “யாரும் வாயைத் திறக்கக்கூடாது” என்பார். கேள்வி கேட்பது குடிமகனின் கடமை என்பார். கேட்டுப் பாருங்களேன்! “பாடத்தை முடிக்க விடமாட்டியா?” என்று பாய்வார்.

வகுப்புத் தலைவர் தேர்தல் வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. செருப்புப் பெட்டியில் துளை போட்டு, ‘வாக்குப்பெட்டி’ என்று ஒட்டி, புத்தகங்களை அடுக்கி மறைவு கட்டி, “ரகசிய வாக்கெடுப்பு! பெத்த அம்மாகிட்டகூடச் சொல்லக்கூடாது” என்று எச்சரிப்பார். அவருடைய ஆள் முதல் வரிசைப் பையன். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. எதிர்த்து நின்றவள் கடைசி வரிசைப் பெண். அவள் கொடுத்தது ஒரே வாக்குறுதி.

“பேசறவங்க பேரை நான் எழுத மாட்டேன்.”

நாற்பது சீட்டில் முப்பத்தொன்று அவளுக்கு. ஆசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் வருஷம் முழுக்க அவர்களுடைய நோட்டைத் திருத்துகிறவருக்கு யார் கையெழுத்து தெரியாது? ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, “இந்தக் கோழிக் கிறுக்கல் உன்னோடதுதானே? அடடே, நீயுமா?” என்று முப்பத்தொரு பேரையும் எழுப்பி நிற்க வைத்தார்.

“உங்களுக்கு இன்னும் பக்குவம் வரல. நாளைக்கு மறுபடியும் ஓட்டு.”

“சரி சார்” என்றாள் அவள். அவ்வளவுதான்.

மறுநாள் பெட்டியைத் திறந்தார். நாற்பது சீட்டும் அவளுக்கே. நாற்பதும் இடது கையால் எழுதியவை. முதல் வரிசைப் பையனுக்கும் பெயர் எழுதி எழுதிச் சலித்துவிட்டதோ என்னவோ! அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பாடம் இவ்வளவு நன்றாகப் புரியும் என்று பாவம், அவர் எதிர்பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து, “சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்? உங்க இஷ்டம்தான்” என்று கேட்டீர்களே, அப்போதே பெயிண்ட் டப்பா மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.