காய்ந்த மூங்கிலில் தீட்டு ஓடாது

ஓகல்துங்கா மலை,
மங்சிர் மாதக் கடைசி.

சித்வன் சமவெளியில் வெயிலும் வாழைப்பழமுமாக வாழ்ந்துகொண்டிருக்கும் என் மதிப்பிற்குரிய மதினி தில்குமாரி அவர்களுக்கு, குளிரில் மூக்கு சிவந்துபோன உங்கள் தம்பி மனைவி சாவித்ரா தலை குனிந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் எருமையும் சுகம். உங்கள் அண்ணன், அதாவது என் மூத்தார், எங்கள் இருவரையும் விடச் சுகம். கத்தாரில் இருக்கும் உங்கள் தம்பியும் சுகம் என்று கேள்வி. அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முழங்கால் வலி இல்லாமல் இருக்கப் பசுபதிநாதர் பார்த்துக்கொள்வார்.

போன் அடித்தால் எடுப்பதில்லை என்று கோபித்திருப்பீர்கள். எடுக்கப் போன் வேண்டுமே. மூத்தார் அதைச் சோப்புக்கட்டி என்று நினைத்து முகம் கழுவினார். நுரை வரவில்லை என்று மறுபடி நனைத்துத் தேய்த்தும் பார்த்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் எழுத்தைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

போன மாதம் எங்கள் வார்டுத் தலைவர் சாமந்தி மாலையோடு மேடையேறி, ஆற்றுக்கு அப்பால் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போடப்போவதாகச் சொன்னார். கண்ணில் விழுந்த திரையை எடுத்துவிடுவார்களாம், இந்தத் தடவை தப்பினால் அடுத்து எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாதாம். அதோடு விட்டாரா, "ஒருத்தர் கண்ணு போனா அவருக்கு மட்டும் நஷ்டம் இல்ல, தேசத்துக்கே நஷ்டம்" என்று கையை ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன சாவித்ரா அக்கா, சிரிக்கிறீங்க" என்றார். "தேசத்தை நான் பாத்ததில்ல தலைவரே, எங்க வீட்டுப் பக்கம் அது வந்ததே கிடையாது. கண்ணு போனது எங்க மூத்தாருக்கு, அவர் முன்னால நடந்து நடந்து கால் போனது எனக்கு, கேழ்வரகு போனது குருவிக்கு. குருவியக் கேட்டீங்கன்னா தேசம் ரொம்பச் செழிப்பா இருக்குன்னு சொல்லும்" என்றேன். கூட்டமே சிரித்தது, அவரும் மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் மதினி, அவர் சொன்னது பொய்யில்லை. இந்த மலையில் ஆண்பிள்ளைகள் எல்லாம் அரபு நாட்டில் கட்டடம் கட்டுகிறார்கள். மிச்சமிருப்பது நாங்களும் கிழடுகளும். ஒரு கிழத்துக்குக் கண் மங்கினால் ஒரு பெண்பிள்ளை வயலை விட்டுவிட்டு அதன் முன்னால் நடக்க வேண்டியிருக்கிறது. மேல் வீட்டு ரூபமதி தறியை மூடிவிட்டாள், மாமியார் அடுப்பில் விழாமல் பார்க்க வேண்டுமே. அவளுக்காவது மாமியாரின் கையைப் பிடித்து இழுக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. மூத்தாரும் தம்பி மனைவியும் தொடக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. விரல் நுனி பட்டாலும் தங்கம் நனைத்த தண்ணீரை அருகம்புல்லால் தெளித்தால்தான் தீட்டுப் போகும். உங்களுக்குத் தெரியாததா. இந்தச் சட்டம் போட்டவர்களுக்கெல்லாம் நல்ல கண் இருந்திருக்கிறது.

கண் தெரியாத ஒருவரும் கண் தெரிந்த ஒருத்தியும் ஒரே சின்ன வீட்டில் முட்டாமல் இருப்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். நான் அடுப்படியிலிருந்து களிப் பானையோடு வருவேன், அவர் கதவு என்று நினைத்து என்னைத் தள்ளுவார். உடனே பித்தளைக் கிண்ணம், தோடு, அருகம்புல். என் தோடு காதில் இருந்ததைவிடத் தண்ணீரில் இருந்ததுதான் அதிகம். அதில் பாதி கரைந்தே போயிருக்கும், அந்த அளவுக்கு இந்த வீடு சுத்தமாக இருக்கிறது. பேச்சும் நேராகக் கிடையாது, எல்லாம் எங்கள் கறுப்பு நாய் காலேயின் வழியாகத்தான். "காலே, சோறு ஆயிடுச்சான்னு கேளு" என்பார் அவர். "காலே, அவர் உக்காந்திருக்கிறது சோத்துக் கூடை மேலதான், எந்திரிச்சாத்தான் பரிமாற முடியும்னு சொல்லு" என்பேன் நான். பாவம், அந்த நாய்க்கு எங்கள் குடும்ப விஷயம் முழுக்கத் தெரியும்.

வெளியே போவதற்கு மூங்கில் கழி. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். முதல்முதலில் நான் வெட்டிக்கொண்டு வந்ததை அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலே, இது பச்சை மூங்கில். ஈரம் இருக்கு, தீட்டு இதுல ஓடும். காய்ஞ்சதுன்னா ஓடாது" என்று தீர்ப்புச் சொன்னார். சரி என்று புகைப்பரணில் காயவைத்து எடுத்தேன். மழை பெய்தால் அதுவும் நனையும், அன்றைக்கு அவர் முற்றத்துக்குக்கூட வரமாட்டார், நானும் வயலுக்குப் போக முடியாது. கேழ்வரகு முற்றித் தலை சாய்ந்து கிடக்க, நான் வாசலில் உட்கார்ந்து குருவிகளோடு உறவாடிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண் வராவிட்டால் எனக்கு இந்த மலையை விட்டு இறக்கம் கிடையாது. அதனால் முகாமுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

அவர் முடியாது என்றார். "காலே, நடுவுல தொங்கு பாலம் இருக்கு. அது ஆடும். ஆடுச்சுன்னா கை எங்க போகும்னு எனக்கே தெரியாது. இந்த வயசுல எனக்கு எதுக்குக் கண்ணு, பாத்ததெல்லாம் போதும்." நான் விடவில்லை. "காலே, அவர் பாத்தது போதும், அவரை நான் பாத்ததும் போதும்னு சொல்லு" என்றேன். அவர் காலேயின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "தம்பி வீட்டுல சொல்றதுலயும் நியாயம் இருக்கு, காலே" என்று என் பேச்சுக்கு இறங்கி வந்தார்.

புறப்பட்ட அன்று காலையில் பனிமூட்டம். கழி நனைந்துவிட்டது, தொட மாட்டேன் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் உரச்சாக்கைக் கிழித்துக் கழி முழுக்கச் சுற்றி, "காலே, இது பிளாஸ்டிக். கரண்டே ஓடாது, தீட்டு எங்க ஓடப்போகுது" என்றேன். அவர் தடவிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு எழுந்தார்.

பாலம் வரை சண்டையில்லாமல் வந்தோம். நடுப்பாலத்தில் எதிரே மணிச்சத்தம். சிமெண்டு மூட்டை சுமந்த கோவேறு கழுதைகள் வரிசையாக வருகின்றன. பாலத்தின் அகலம் உங்களுக்குத் தெரியும், கழுதைக்கே ஒருக்களித்துத்தான் போகத் தோன்றும். முதல் கழுதையின் மூட்டை இடித்த இடியில் மூங்கில் எங்கள் இருவர் கையையும் விட்டு ஆற்றில் போயிற்று. பாலம் தொட்டில் மாதிரி ஆடியது. மூத்தார் இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவினார், கிடைத்தது நான். என் தோளைச் சால்வையோடு சேர்த்துப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கீழே பார்த்தேன், தண்ணீர். தங்கம் நனைக்கிற தண்ணீர் இல்லை, ஆளையே நனைக்கிற தண்ணீர். பிடியை உதறவா முடியும். உதறினால் உங்களுக்கு அண்ணன் இல்லை.

கழுதைக்காரன், தமாங் சாதி ஆள், கடைசியாக வந்தான். "என்ன பெரியவரே, நடுப்பாலத்துல இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றான்.

மூத்தார் தொண்டையைச் செருமினார். "உன் கழுதையப் பிடிச்சுக்கிட்டிருக்கேன் தம்பி. இது இல்லன்னா விழுந்திருப்பேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவன் நல்ல ஆள், மதினி. "பிடிச்சுக்குங்க பெரியவரே, அது சாது. உதைக்காது" என்றான்.

"கரை வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போகலாமா?"

"தாராளமா. அந்தப் பக்கம் கட்டிப் போட்டுடுங்க, அப்புறம் வந்து ஓட்டிக்கிறேன்."

"தீனி ஏதாவது போடணுமா?"

"டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் குடுங்க, போதும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தக் கரை வரை நான் கழுதையாகவே நடந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, சிரித்தால் மனுஷியாகிவிடுவேன். பாதி வழியில் அவர், "இதுக்கு வயசாயிடுச்சு போல, மூச்சு வாங்குது" என்றார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கரையேறியதும் டீக்கடையில், "காலே, தம்பி வீட்டுக்கு ஒரு டீயும் பிஸ்கட்டும் சொல்லு" என்றார். காலே அன்றைக்கு வீட்டில் எருமைக்குக் காவல்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாக உள்ளே அழைத்துத் திரையை எடுத்து, கண்ணில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் பொண்ணு கட்டைப் பிரித்தது. மூத்தார் முதலில் கரும்பலகையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாய் இல்லை, சுவர் இல்லை, நேராக என்னிடமே பேசினார். "தம்பி பொண்டாட்டி, உனக்குத் தலை பூரா நரைச்சிடுச்சேம்மா."

"உங்கள மேய்ச்சே நரைச்சதுங்க" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று நர்ஸ் எங்கள் இருவரையும் திட்டியது.

திரும்பும்போது பாலத்தில் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வீட்டுக்கு வந்ததும் சோறுகூடக் கேட்காமல் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். குருவி விட்டுவைத்த கேழ்வரகு முழுக்க இப்போது வீட்டுக்குள். புளிக்க வைத்த கீரையும் களியுமாகச் சாப்பிட்டுவிட்டு நான் பகலில் தூங்குகிறேன், மதினி, பகலில். காலேக்குத்தான் வேலை போய்விட்டது, வாசலில் சோகமாகப் படுத்திருக்கிறது. மாகே சங்கராந்திக்கு நான் சித்வன் வருகிறேன். வள்ளிக்கிழங்கு அவித்து வையுங்கள், எருமை நெய் நான் கொண்டுவருகிறேன். ஒரு மாதம் இருப்பேன், விரட்டினாலும் போகமாட்டேன்.

பெரியவர்களுக்கு என் கும்பிடும், சின்னவர்கள் நெற்றிக்கு என் ஆசியும், உங்கள் சமவெளிக் கொசுக்களுக்கு முன்கூட்டியே என் வணக்கமும்.

உங்கள் அன்புக்குரிய
சாவித்ரா

பி.கு.: நான் வருகிறேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். கூட்டம் அதிகம் என்று முகாம்காரர்கள் சங்கராந்திக்கு மறுபடி வருகிறார்களாம். ரூபமதியின் மாமியாரையும் இன்னும் இரண்டு வீட்டுக் கிழவர்களையும் பாலம் தாண்டித் தம்பி பொண்டாட்டி கூட்டிப்போவாள் என்று மூத்தார் வீடு வீடாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அந்நிய ஆண்பிள்ளைகளை நான் எப்படித் தொட்டுக் கூட்டிப்போவது என்று கேட்டேன். அதெல்லாம் விசாரித்தாயிற்று என்கிறார். நம் பழைய புரோகிதர் காலமானபின் புதியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார், பாலத்தில் நடந்ததற்குப் பரிகாரம் கேட்க நேற்று மூத்தார் அவரிடம் போயிருக்கிறார். ஆக அது கழுதை இல்லை என்பது இவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. புரோகிதரோ, "கண்ணு தெரியாதவரக் கையப் பிடிச்சுக் கூட்டிப் போறதுல என்னங்க தீட்டு? அப்படி எங்கயும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா நாங்க தெளிச்ச தண்ணி?" என்று கேட்டிருக்கிறார் மூத்தார். "முதல்லயே வந்து என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாராம் அவர். "கண்ணு தெரியாம நான் எப்படிங்க பாலம் தாண்டி வந்து கேக்கிறது?" என்று இவர் கோபமாகக் கேட்டதற்குப் புரோகிதர் சொன்னாராம், "தம்பி பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கலாம்."