மோரிஸ் அத்தால் பத்துப் பேரைக் காத்த படலம்

வாழி, மோரிஸ் அத்தால்! தூனிஸ் நகர் ஈன்ற துணிவணிகச் செம்மலே, பிரெஞ்சுத் தலைநகரத்து லா ஷப்பல் தமிழ்ச் சேலைக்கடைகளுக்கு நாற்பதாண்டு சரிகை அளந்த செங்கரத்தோனே, ரூ காய்த் தெருவுக்குப் பின்புறம் இரண்டாம் மாடியில் எழுந்தருளிய சிறு யூத வழிபாட்டுச் சபையின் தலைவனே, முழங்கால் நோவுக்கன்றி எவர்க்கும் வளையாத வீரனே! உன் புகழ் பாட ஆயிரம் நாவு வேண்டும். எமக்கிருப்பது ஒன்று, அதற்கும் இன்று தொண்டை கட்டியிருக்கிறது.

தை மாதத்து ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. போர் மூண்ட காரணம் இது: பல்கலைக்கழகத்திலே ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நடக்கும் யூத, முஸ்லிம், கிறிஸ்தவ மாணவரையும் ஒன்றையுமே நம்பாதாரையும் வாரம் ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்திப் பேசவைக்கும் திட்டத்துக்குச் சபை நிதி கொடுப்பதா, மறுப்பதா? 'கொடு' என்று நின்றது ஓய்வுபெற்ற தத்துவ ஆசிரியை, சொல்லம்பு தொடுப்பதில் நிகரற்ற சிமோன் ஹயாத் தலைமையில் நால்வர் படை. 'கொடாதே' என்று நின்றது மருந்துக்கடை மாவீரர், மாத்திரை எண்ணி எண்ணிக் கண் சிவந்த விக்தோர் தர்மோன் தலைமையில் நால்வர் படை. ஒன்பதாமவர் முதியவர் பென்சிமோன். அவர் உறக்கத்தின் பக்கம் நின்றார். பத்தாமவர் நம் தலைவர்.

விக்தோரின் சீற்றத்துக்கு வேரில்லாமல் இல்லை. அவருடைய பேத்தி அதே பல்கலைக்கழகத்துக்கு, யூதப் பெண் என்று காட்டும் தாவீதின் நட்சத்திரம் கோத்த சங்கிலியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போகிறாள். "முதலில் காவல், பின்பே கதை!" என்று அவர் முழங்கினார். "பேச்சே பெருங்காவல்!" என்று எதிர்முழங்கினார் சிமோன். அதன் பிறகு பேச்சின் பெருமைக்காக வாளேந்திய அந்த அம்மையார் விக்தோரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். விக்தோரும் நிறுத்திக்கொண்டார்.

இரு படைக்கும் நடுவே தூது நடந்தவர் யோகநாதன், யாழ்ப்பாணத்தவர், பன்னிரண்டு ஆண்டாய் அக்கட்டடத்தின் சாவிக்கொத்துக் காவலர். ஒரு முழத் தூரத்தில் அமர்ந்திருந்த விக்தோரைக் காட்டி, "கண்ணை மூடிக்கொண்டால் வெயில் போய்விடாதென்று அவரிடம் சொல்" என்பார் சிமோன். யோகநாதன் போய்ச் சொல்வார். "கேட்டதென்று சொல்" என்பார் விக்தோர். அவர் திரும்பி வந்து அதையும் சொல்வார். இடையில் சார்செல் புறநகர் வீட்டிலிருந்து மனைவி நாகேஸ்வரி அழைத்தாள். யோகநாதன் தாழ்குரலில் சொன்னார்:

"ஓமப்பா, இன்னும் முடியேல்லை. கதைக்கிற பிள்ளையளுக்குக் காசு குடுக்கிறதோ எண்டு இவையள் கதைக்காமல் இருக்கினம். அஞ்சே முக்கால் வண்டியைப் பிடிச்சிடுவன்."

எட்டு வாக்குச் சீட்டுகள் துணிப்பெட்டிக்குள் விழுந்துவிட்டன. நாலுக்கு நாலு. தலைவரின் சீட்டு மட்டும் அவர் கையிலேயே வியர்த்துக்கொண்டிருந்தது. ஏனெனில் அவர் நெஞ்சில் ஒரு மறைபொருள் இருந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் அவர் தாயாரின் நினைவு நாள் தொடங்கும். தாய்க்காகச் சொல்லும் கதிஷ் வேண்டுதலுக்குப் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்ல முடியாது. அச்சபையில் பெண்களும் கணக்கில் உண்டு. 'கொடு' என்றால் விக்தோர் எழுந்து போவார், 'கொடாதே' என்றால் சிமோன் போவார். அந்த ஒன்பது பேரையும் பொழுது சாயும்வரை அசையாமல் வைத்திருப்பதே நம் தலைவர் ஏற்ற பெரும்போர்.

அம்மம்மா, அவர் வகுத்த வியூகங்கள்தாம் என்னே! சென்ற மாதக் கூட்டக் குறிப்பை எழுத்தெழுத்தாய் வாசித்தார். அதற்கு முந்தின மாதத்தையும் வாசித்தார். வெப்பமூட்டியின் குழாய் கசிகிறதா கசியவில்லையா என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார். புதினாத் தேத்தண்ணியை மும்முறை வார்த்தார். கதிரவனோ சன்னலுக்கு வெளியே, தண்டவாளங்களுக்கு மேலே, கடைசி வாடிக்கையாளரைப் போல, போக மனமின்றி நின்றான்.

நாலே முக்காலுக்கு விக்தோரின் பொறுமை அறுந்தது. "தலைவர் தம் சீட்டை இடுக! இன்றேல் யான் இவ்வவை நீங்குவேன்!" என்று இடியென முழங்கி மேலங்கிக்குள் ஒரு கையை நுழைத்தார். சிமோனும் கழுத்துத்துணியை எடுத்தார். மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அங்கே வழக்கமில்லை. அதனால் அவர்களிடம் கற்றபடியே யோகநாதன் மூலையில் நின்று, "ஒண்டில்லை, ரெண்டில்லை" என்று எண்ணத் தொடங்கினார். எட்டில்லை வரை வந்ததும், புறப்படும் இருவரையும் எண்ணாமல், அவர் குரல் நின்றது.

அப்பொழுது எழுந்தார் மோரிஸ் அத்தால்! குடையை வேலென ஓங்கி, முழங்கால் நோவை மறந்து, வாயிலை மறித்து நின்றார், அவை நடுங்கியது, பென்சிமோன் குறட்டையை நிறுத்தினார். பூமி பிளக்கும் ஒரு சூளுரையை எல்லோரும் எதிர்பார்த்தனர். அவர் பேசிய பிரெஞ்சை நம் வழக்கில் சொன்னால் இவ்வளவுதான்:

"இண்டைக்கு அம்மாவின்ர நாள். போயிடாதேங்கோ."

சிமோனும் விக்தோரும் ஒரே வாயாய்ச் சொன்னார்கள்: "இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

அன்று அவ்விருவரும் உடன்பட்டது அந்த ஒன்றில்தான். விக்தோர் மேலங்கியைக் கழற்றினார். இருட்டும்வரை எல்லோரும் காத்திருந்தனர். தலைவர் வேண்டுதலைத் தொடங்கினார். முதல் வரியிலேயே எழுபத்தொரு வயதுக் குரல் உடைந்தது. ஒன்பது பேரும் 'ஆமென்' என்று தாங்கிப் பிடித்தார்கள். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

முடிந்ததும் சன்னலோரம் போய்க் கீழே பார்த்தார். நடைபாதையில் சிமோனும் விக்தோரும் தூதனின்றி, கை வீசி, நேருக்கு நேர் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ர பேத்திக்குப் பக்கத்தில ஆர் இருப்பினம்? அதைச் சொல்லுங்கோ!"

"முதல் நாள் நான் இருக்கிறன். பிறகு அவளே சொல்லட்டும்!"

விக்தோர் போகவில்லை, நின்று கேட்டார். அதைக் கண்ட தலைவர் கசங்கிய சீட்டை நிமிர்த்தி, 'கொடு' என்று எழுதிப் பெட்டிக்குள் இட்டார். யோகநாதன் அவருக்கு ஆறாத தேத்தண்ணி ஒன்று வார்த்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் அமர்ந்திருந்த பத்துக் கதிரைகளையும் அடுக்கி, விளக்கணைத்து, கதவைப் பூட்டி, இருள் கிழித்து, காற்றைப் பிளந்து, கார் து நோர் ரயில் நிலையத்தின் படிகளில் பாய்ந்திறங்கினார்.

வண்டி போய்விட்டது.