டேப்பு சாரும் உண்ணிச்செடியும்

தாமிரபரணிக் கரையில் டேப்பு சார் கட்டிப்பிடிக்காத மரம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால், அது முந்தாநாள் முளைத்ததாக இருக்கும்.

அவர் வன ஆராய்ச்சியாளர். பாளையங்கோட்டையில் அவருடைய ஆபீசில் நான் கிளார்க். மழையும் வெயிலும் முறை மாறிவரும் காலத்தில் மரங்கள் எப்படி வளர்கின்றன என்று வருடாவருடம் டேப்பு வைத்து அளப்பது அவர் வேலை. காட்டோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஒருநாள் டவுணில், அல்வாக் கடை வாசலில் நின்ற வேப்பமரத்தையும் கட்டிப்பிடித்துவிட்டார். கடைக்கார அண்ணாச்சி பதறி ஓடி வந்தார்.

"என்ன சார், மரத்த வெட்டப் போறியளோ?"

"இல்ல அண்ணாச்சி. போன வருசத்துக்கு இப்போ பெருத்திருக்கானு பாக்கேன்."

"அல்வாக் கடை வாசல்ல நிக்கி. பெருக்காம என்ன செய்யும்?"

சார் சிரிக்கவில்லை. "கடைத் தண்ணி வேருக்குப் போவுதா?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

மணிமுத்தாறு மலையடிவாரத்து ஊரில் அவர் கூட்டம் போட்டதுதான் பெரிய கூத்து. "காட்டுல போய் வெட்டுங்க" என்றார். ஊரே திகைத்தது. விறகு பொறுக்கப் போய் வனக்காவலரிடம் பலமுறை ஏச்சு வாங்கிய மாரியம்மக்கா எழுந்தாள்.

"வெட்டாதன்னு சொல்லத்தான ஆபீசருங்க வருவாவ? இவுக வெட்டுங்கன்னுல்லா சொல்லுதாவ! எதும் பொறி வைக்கேளா சார்?"

"மரத்த இல்லக்கா, மரத்தடியெல்லாம் முள்ளாப் படந்து கெடக்கே, அந்த உண்ணிச்செடிய. மழை ஒரேயடியாப் பெஞ்சுட்டுப் போயிருது. பொறவு மாசக்கணக்கா வெயில்ல காயுது. இந்தப் புதர் காஞ்சு நின்னா, தீ அதுல ஏறித்தான் மரத்தப் புடிக்கும். அதை வெட்டி நீங்க அடுப்பெரிங்க. மரம் பொழச்சிக்கிடும்."

மேலிடத்தில் அனுமதி வாங்க நான் டைப் அடித்த கடிதங்களை அடுக்கினால் என் இடுப்புக்கு வரும். கடைசியில் அனுமதி வந்தது. மூன்று மாதம் சாரும் ஊராரோடு நின்று வெட்டினார். கையெல்லாம் முள் கீறல். அப்படியே பஸ் ஏறியவரைப் பார்த்த கண்டக்டர், "எந்தப் பூனைய வே குளிப்பாட்டுனீரு?" என்று கேட்டார்.

பங்குனியில் மேல் காட்டில் தீப்பிடித்தது. தகவல் வந்ததும் இருவரும் ஓடினோம். வெட்டாத புதரில் ஆளுயரத்துக்கு எரிந்து வந்த தீ, வெட்டிய எல்லைக்கு வந்ததும் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. சருகில் ஊர்ந்த தீயை மாரியம்மக்காவும் ஊராரும் பச்சைக் கொப்பால் அடித்தே அணைத்தார்கள்.

"சார், மரம் பொழச்சிட்டு!" என்று அவள் கத்தினாள். சாரைக் காணோம். எல்லைக்கு அந்தப் பக்கம், கருகிப்போன ஒரு மருதமரத்தை அளந்துகொண்டிருந்தார்.

"அதான் செத்துட்டே சார்" என்றேன்.

"பதினோரு வருசமா அளக்கேன் வே. இன்னைக்கு மட்டும் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?" அளவைச் சொன்னார். நான் எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். என் வெள்ளைச் சட்டையெல்லாம் கரி. நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. நான் எழுப்பவில்லை.