மாமனார் இறந்த அன்று நான் அனுப்பிய நல்ல செய்தி

வேலை போன கணவன் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதே ஒரு மனைவிக்குப் போதுமான சோதனை. அவன் தெருமுனை பிரவுசிங் சென்டரில் இன்டர்நெட் கற்றுக்கொண்டு, மனைவியின் தொழிலை முன்னேற்றுகிறேன் என்று கிளம்பிவிட்டால் அந்தக் குடும்பத்தைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். எங்கள் விஷயத்தில் அவர் முயற்சிகூடச் செய்யவில்லை.

2009 வாக்கில் நடந்தது. தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். ஆலையை மூடிவிட்டார்கள். சின்னமனூர் வாடகை வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்த என்னையும், என்னோடு சேர்த்து வீட்டையும் தூக்கி நிறுத்தியவள் என் மனைவி செல்வி. அதிரசம், முறுக்கு, சீடை சுட்டுப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். விடிவதற்கு முன்பே அடுப்படியில் நிற்பாள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த வடு.

பண்ணைப்புரத்தில் இருந்த என் மாமனாருக்கு இது பொறுக்கவில்லை. விவசாயி, மானஸ்தர். "எம் மகள அடுப்புல தள்ளிட்டு அவன் காத்து வாங்குறான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திக்கொண்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். செல்வி வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் கூடப் போனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். (அவரால் திரும்ப முடிந்த பக்கமே அது ஒன்றுதான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.)

அவர் சொன்னதை எப்படியாவது பொய்யாக்க வேண்டும் என்ற வெறியில்தான் நான் எங்கள் வீட்டுத் தொழிலுக்கு மார்க்கெட்டிங் மேனேஜர் ஆனேன். பதவியை நானே கொடுத்துக்கொண்டேன். முதலில் இலவசமாக ஒரு வெப்சைட். அதில் முறுக்குப் படம் விட்டு விட்டு மின்னும். வந்துபோனவர்களின் எண்ணிக்கை கீழே ஓடும். எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்தது நான். பிறகு ஒரு இலவச விளம்பரத் தளத்தில் பதிவு போட்டேன். வடக்கே எங்கிருந்தோ ஒருவர் முறுக்குப் பிழியும் மெஷின் விற்பதற்காக இந்தியில் போன் செய்தார். வந்த விசாரணை அது ஒன்றுதான்.

அப்புறம்தான் அந்த எஸ்.எம்.எஸ். தளம் கண்ணில் பட்டது. போன் நம்பர்களை ஏற்றி, செய்தியை எழுதி, நாளும் நேரமும் குறித்துவிட்டால் போதும். அதுவே எல்லாருக்கும் அனுப்பிவிடும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தைக் குறித்தேன். நம்பர்களுக்கு எங்கே போவது? செல்வியின் போனை எடுத்து அதில் இருந்த அத்தனையையும் ஏற்றினேன்.

"என் சொந்தக்காரவுகளுக்கு எதுக்குங்க? நான் முறுக்குச் சுடுறது அவுகளுக்குத் தெரியாதா?" என்றாள்.

"உனக்கு பிசினஸ் புரியாது" என்றேன். (பிசினஸ் முழுவதையும் அப்போது அவள் கையில் மாவாகப் பிசைந்துகொண்டிருந்தாள்.)

இரண்டு நாள் யோசித்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்: 'செல்வி–முருகேசன் வழங்கும் சந்தோஷச் செய்தி! நெடுநாள் காத்திருந்தது இன்று நடந்தேவிட்டது! எல்லாரும் வாங்க, இனிப்புச் சாப்பிடுங்க!' அதற்குப் பிறகு கடைப் பெயர், பலகாரங்களின் பெயர், தீபாவளித் தள்ளுபடி எல்லாம் வரிசையாக இருந்தன. இலவசச் சேவை என்பதால் ஒரு அளவுக்கு மேல் போனால் செய்தியை வெட்டிவிடுவார்கள் என்று அந்தத் தளத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டிருந்திருக்கிறது. அதை நான் படிக்கவில்லை.

குறித்த நாளன்று விடியற்காலையில் பண்ணைப்புரத்திலிருந்து போன். மாமனார் போய்விட்டார்.

செல்வி அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு கிளம்பினாள். பஸ்ஸில் அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வேறு எந்த நினைவும் இல்லை. மனிதர் கடைசிவரை என்னோடு பேசாமலே போய்விட்டாரே என்பது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

காலை பத்து மணி. வாசலில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஒரு சட்டைப் பையில் 'டிங்' என்றது. அடுத்து இன்னொன்று. அப்புறம் பந்தல் முழுக்க. சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக என் நம்பரையும் சேர்த்திருந்தேன். என் பையிலும் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். நான் நாள் குறித்து வைத்த செய்தி.

செல்வியின் சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. போனை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த உறவுக்கார வாத்தியாரிடம் நீட்டினார். "என்னமோ வந்துருக்கு. யாரும் வரத் தாமசம்னு சொல்றாகளா பாருங்க சார்."

வாத்தியார் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் படித்தார். "செல்வி, முருகேசன் வழங்கும் சந்தோஷச் செய்தி. நெடுநாள் காத்திருந்தது இன்று நடந்தேவிட்டது. எல்லாரும் வாங்க, இனிப்பு..." அங்கேதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். செய்தியும் அதோடு வெட்டுப்பட்டிருந்தது.

ஒப்பாரி நின்றது. இழவு வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

"நான் அனுப்பலை சின்ன மாமா. அதுவா போயிருச்சு" என்றேன்.

"அதுவா போச்சா? போனுக்குப் பேயா பிடிச்சிருக்கு?" என்றார் சித்தப்பா.

சர்வர், செட்யூல் என்றெல்லாம் உளறினேன். செல்வியின் அண்ணன் பாண்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் சட்டையைப் பிடித்தார். "எங்கப்பன் சாவு ஒனக்கு இனிப்பாடா?"

"பொணத்த வச்சுக்கிட்டு வேணாம்ப்பா, பாண்டி" என்று யாரோ இழுத்துப் பிடித்தார்கள். நான் செல்வியைத் தேடினேன். அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாண்டி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சுடுகாட்டில் எல்லாரும் என்னை விட்டு ஒரு அடி விலகியே நின்றார்கள். எரியூட்டிவிட்டுக் குளித்துக் கரையேறும்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 'தினமும் ஒருமுறை, ஒரு வாரத்துக்கு' என்ற கட்டத்தையும் நான் டிக் செய்திருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பால் தெளிக்கும் சடங்கு.

வேறு வழியில்லை. ஈரவேட்டியோடு பாண்டியிடம் போனேன். "மச்சான், நாளைக்கும் வரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், எரிகிற சிதையில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா என்ற யோசனை தெரிந்தது. பைக்கை எடுத்தார்.

உத்தமபாளையத்தில் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது, கரண்ட் இல்லை. கடைக்காரப் பாய் எங்கள் கோலத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் வாசல் படியைக் காட்டினார். உட்கார்ந்தோம். பாண்டிதான் பேச்சை ஆரம்பித்தார்.

"அப்பாவுக்கு ஒன்னையப் பிடிக்காது மாப்ள. சாகுற வரைக்கும் பிடிக்கல. எனக்குந்தான்."

"தெரியும் மச்சான்."

"ஆனா வேணும்னு நீ இதப் பண்ணிருக்க மாட்ட. ஒனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது."

அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். அதைச் சொல்லிவிட்டு அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அதில் மாமனாருக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கரண்ட் வந்தது. தளம் ஆடி அசைந்து திறந்தது. என் செய்திக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று 'டெலிட்'. இன்னொன்று 'சென்ட் நவ்'. மவுஸை நகர்த்தினேன். அழுத்தினேன்.

பாண்டியின் பையில் 'டிங்' என்றது.

எடுத்துப் படித்தார். முழுதாகப் படித்து முடித்துவிட்டு, ஓங்கி என் முதுகில் ஒன்று வைத்தார். இன்னொன்றுக்குக் கை ஓங்கினார்.

"அடிக்காதீக, அடிக்காதீக! கம்ப்யூட்டர் மேல விழுந்துருவாரு!" என்று பாய் ஓடிவந்தார். அவரே மவுஸைப் பிடுங்கி அந்தச் செய்தியை, என் கணக்கை, நான் ஏற்றியிருந்த நம்பர்களை எல்லாம் அழித்தார். "தம்பி, இனிமே நீங்க நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க" என்றார்.

திரும்பி வந்தபோது எல்லாருக்கும் இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் அத்தை மட்டும், செல்வியின் அம்மா, வறண்ட குரலில் கேட்டார்: "அடுத்தது எப்ப வரும் மாப்பிள்ள?"

"இனி வராது அத்தை."

"சரி. போயிச் சாப்புடுங்க."

காரியமெல்லாம் முடிந்து சின்னமனூருக்கு வந்த பிறகும் செல்வி பேசவில்லை. தீபாவளி எங்கள் வீட்டைத் தொடாமல் தெருவோடு போயிற்று. ஒருநாள் அடுப்பைப் பற்றவைத்தவள், எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்புட்டு நாளு படுத்துக் கெடந்தாக. புண்ணு வந்து, வாய் தொறந்து கேக்க முடியாம. சீக்கிரம் போயிட்டா நல்லதுன்னு நானுந்தான் ஒரு நாளு சாமிகிட்ட வேண்டுனேன். அத அந்த வாத்தியாரு நடுவாசல்ல வச்சு எம் பேரப் போட்டுப் படிக்கவும்..." அப்பா இறந்ததற்கு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் அடுப்பின் தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிசினஸ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்வியின் பலகாரம் வாய்வழியாகவே பரவி இப்போது கம்பம் வரைக்கும் போகிறது. மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஆனால் அவள் பக்கத்து உறவில் யார் படுக்கையில் விழுந்தாலும் பாண்டி எனக்குப் போன் செய்து, "மாப்ள, மெசேஜ் ரெடியா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. வாத்தியார் என்னைப் பார்த்தால் அந்த முதல் வரியை மனப்பாடமாக ஒப்பிப்பார்.

போன வருடம் அத்தைக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். மகனையும் மகளையும் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ஆக்சிஜன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, மூச்சு வாங்க வாங்க மகனிடம் சொன்னார்:

"ஏலே பாண்டி, நான் வெளிய வர்ற வரைக்கும் மாப்பிள்ள போன வாங்கி வச்சுக்க."