கல்லறை சாரின் பச்சை பீரோ

தஞ்சாவூர்ச் சீமையில், ஆராய்ச்சிக் கட்டுரை செத்ததற்குத் துக்கம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் நெல் ஆராய்ச்சிப் பண்ணையின் நூலகர்தான். இயற்பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எங்களுக்கு அவர் கல்லறை சார்.

உலகத்தில் எங்கேயாவது ஒரு பத்திரிகை, தான் வெளியிட்ட கட்டுரை பொய் என்று திரும்பப் பெற்றால் போதும். அதை அச்செடுத்து, கறுப்பு ரிப்பனால் கட்டி, பச்சை பீரோவில் அடுக்கிப் பூட்டுவார். அப்புறம் அதை நம்பி எழுதியவர்களுக்கு போன் பறக்கும்.

"உங்க பதினேழாவது ரெஃபரன்ஸ் தவறிடுச்சுங்க. எப்ப எடுக்கிறீங்க?"

கல்யாணப் பந்தியில் இருந்த எங்கள் துறைத் தலைவரையே இப்படிப் பாதி இலையில் எழுப்பியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை, காற்றும் இல்லை. பூட்டிய பீரோவுக்குள் காகிதம் சரசரத்தது. எலி என்றேன்.

"எலி இல்லைங்க. செத்தது தெரியாம யாரோ மேற்கோள் காட்டுறாங்க. அதான் புரளுது."

கதவில் உள்ளங்கையை வைத்தார். சத்தம் அடங்கியது. சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன், ஆனால் எலிப்பொறி வைக்கச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அதே பீரோவில் ஒரு காலி ஃபைல், மேலே என் கட்டுரையின் தலைப்பு. உப்புத் தண்ணீரிலும் விளையும் நெல்லைப் பற்றியது. தற்காலிக வேலையிலிருந்த என்னை நிரந்தரமாக்கப்போவதே அதுதான்.

"இது உயிரோட இருக்கே சார்?"

"ரெண்டு நாளா இடம் கேட்டுத் தட்டுதுங்க. நான் என்ன செய்ய?"

அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. சோதனைக்காக உப்புத் தண்ணீர் கட்டிய வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவரப்பில் ஒரு நண்டு வளை. அது வழியாக நல்ல தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. அறுப்புக்கு முந்தின வாரம்தான் பார்த்தேன். சேற்றைக் குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் கட்டுரையை அனுப்பிவிட்டேன்; அதுவும் அச்சாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பூம்புகார்ப் பக்கத்து விவசாயி ஒருவர் போன் செய்தார்.

"கடல் தண்ணி ஏறின நிலங்க. உங்க நெல்ல நம்பி மூணு மா நிலத்துலயும் விதைக்கப்போறேன்."

"விதைக்காதீங்க. நான் எழுதினது தப்புங்க."

சொன்ன கையோடு பத்திரிகைக்கும் எழுதினேன். கட்டுரை போயிற்று, வேலையும் போயிற்று.

கடைசி நாள் அச்செடுத்து நானே கொண்டுபோய் நீட்டினேன். கல்லறை சார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் தூக்கிட்டு வந்தது. இது ஒண்ணுதான் தானா நடந்து வந்திருக்கு. இனிமே தட்டாது. நீங்களும் போய் நல்லாத் தூங்குங்க."

நான் மாசக்கணக்காகத் தூங்காதது என் வீட்டில்கூடத் தெரியாது. அதைக் கவனித்திருந்த அந்த மனிதர்மேல் இன்றைக்கும் எனக்குக் கொள்ளைப் பிரியம்.