வேலிக்கு வெளியே ஒரு வளைகாப்பு

கடலோர நகர்,
மாமல்லபுரம் வழி,
ஆனி 25, 1974

மதுராந்தகம் நெல் மண்டி உரிமையாளர், என் மதிப்புக்குரிய சம்பந்தி ஜம்புலிங்கம் அவர்களுக்கு, தாலுகா ஆபீஸ் ஓய்வு குமாஸ்தா பக்தவத்சலம் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அமிர்தவல்லியும் உங்கள் மாப்பிள்ளையும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாளும், முக்கியமாக எங்கள் மருமகள் தெய்வநாயகியும் அவள் வயிற்றில் இருப்பதும் சௌக்கியமாக இருக்க ஏரிகாத்த ராமர் அருள வேண்டும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அதில் அதேதான் எழுதியிருந்தது. வேலிக்கு வெளியே குப்பத்துப் பக்கம் கிடக்கிற வீட்டுக்கு என் பெண்ணையும் பிறக்கப்போகிற குழந்தையையும் அனுப்ப மாட்டேன், மீன் விற்கிறவள் கையால் வளையல் போட்டது வளைகாப்பே இல்லை என்று கண்டிப்பாக எழுதிவிட்டீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உங்கள் மாப்பிள்ளை உப்பில்லாத சாம்பாரைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் காலனியின் தெற்குக் கோடி வீடு என்னுடையது. கொல்லையில் கிணறு. குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர் என்பதால், அந்தப் பெண்கள் என் கிணற்றில்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். இப்படிக் கண்டவர்களும் காலனிக்குள் நடமாடுகிறார்கள், வேலி போட வேண்டும் என்று எவனோ ஒரு புண்ணியவான் குடியிருப்போர் சங்கத்துக்கு மனுக் கொடுத்துத் தொலைத்தான். அவன் யாரென்று தெரிந்தால் உங்களிடமே பிடித்துக் கொடுத்துவிடுவேன். சங்கச் செயலாளர் ராஜாராமும் கல்கால் நட்டு ஐந்து வரிசை முள்கம்பி இழுத்துவிட்டார். கடலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் வர வேண்டிய வேலி, என் வீட்டுக்கும் காலனிக்கும் நடுவில் வந்தது. விடிந்து பார்த்தால் நாற்பது வீடு உள்ளே, நான் மட்டும் வெளியே! பால்காரன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான். குப்பத்தைச் சுற்றிக்கொண்டு மணலில் இரண்டு மைல் நடந்தால்தான் காலனி வாசல்.

இந்த நிலையில்தான் வைகாசி வெள்ளிக்கிழமை வளைகாப்பு வந்தது. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வளையல் ஏற வேண்டும். உங்கள் வீட்டார் வந்த பஸ் செங்கல்பட்டில் டயர் வெடித்து நின்றுவிட்டதால், அவர்கள் சீர்த் தட்டும் ஐந்து வகைச் சாதமுமாகக் காலனிக்குள் நுழையும்போது மணி பத்து அடித்துப் பத்து நிமிஷம். அழைத்திருந்த காலனிப் பெண்களும் பட்டுப் புடவையோடு அங்கேயே கூடிவிட்டார்கள். இந்தப் பக்கம் மணையில் தெய்வநாயகி, பக்கத்தில் அமிர்தவல்லி, அழாத குறையாக நான். கிணற்றடியில் மாரியம்மாவும் குப்பத்துப் பெண்கள் நாலு பேரும் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாரியம்மா யாரென்று கேட்காதீர்கள்; பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் மூன்றாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வஞ்சிரம் அவள் கூடையிலிருந்து வந்ததுதான். மீன் நம் வீட்டு நடுக்கூடம் வரை வரலாம், அவள் கிணற்றடியைத் தாண்டக் கூடாது என்று நாம்தானே வைத்திருக்கிறோம்.

"இன்னா பெரியவரே, சும்மா நின்னுகினு கீற? டைமு பூட்டா திரும்ப வருமா?" என்று அவள் என்னை ஒரு அதட்டு அதட்டினாள். பிறகு தன் புருஷன் சிங்காரத்தைக் கூப்பிட்டு, பழைய வலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, நாலாய் மடித்து முள்கம்பி மேல் போட்டாள். தெய்வநாயகியை மணையோடு வேலி ஓரத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சம்பந்தியம்மாள் கம்பிக்கு நடுவே கையை விட்டார்கள். பெண்ணின் விரல் நுனி எட்டியது, மணிக்கட்டு எட்டவில்லை. முதலில் போட வேண்டிய வேப்பிலைக் காப்பு அவர்கள் கையிலேயே நிற்கிறது. பிறந்த வீட்டுக் காப்பை மாமியார் போடுவது வழக்கம் இல்லை என்று அமிர்தவல்லி ஒதுங்கிக்கொண்டாள். மணி பத்து இருபத்திரண்டு.

அப்போதுதான் சம்பந்தியம்மாள் மாரியம்மாவைப் பார்த்து, "உனக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டார்கள்.

"ஆறு பெத்தேன். ஆறும் நல்லா கீதும்மா."

"அப்ப நீயே போடு தாயி" என்று காப்பை அவள் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னபோது இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. பஸ்ஸில் வந்த களைப்பாக இருக்கும். மாரியம்மா கையைப் புடவையில் மூன்று தரம் துடைத்துக்கொண்டு போட்டாள். பிறகு சம்பந்தியம்மாள் ஒவ்வொன்றாக நீட்ட, அவளும் அந்த நாலு பெண்களும் மாற்றி மாற்றிப் போட, இரண்டு கையும் நிறைந்தபோது பத்து இருபத்தெட்டு. ஒரு வளையல்கூட உடையவில்லை. அம்மாவும் பெண்ணும் கம்பி வழியாக விரலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். பிறகு சாதமெல்லாம் வேலியைத் தாண்டி வந்தது. அந்தப் பக்கம் பட்டுப் புடவைகள், இந்தப் பக்கம் குடத்துக்காரிகள், ஒரே புளியோதரை.

ராகு காலம் கழிந்து பெண்ணை அழைத்துப் போக வேண்டுமே, வயிற்றுப் பிள்ளைக்காரி இரண்டு மைல் மணலில் எப்படி நடப்பாள் என்று நான் கையைப் பிசைந்தேன். சிங்காரம் ஒரு கல்காலைக் கட்டிப்பிடித்து நாலு ஆட்டு ஆட்டினார். மணல்தானே, வேரோடு வந்துவிட்டது. கம்பி தொய்ந்து, வாசல் போல வழி. "இதை முதலிலேயே செய்திருக்கலாமே ஐயா!" என்றேன்.

"நீ கேக்கலியே அண்ணாத்த" என்றார்.

எப்படியும் பெரியவர்கள் மனம் கோணக் கூடாது. ஆகவே வேலியைப் பிடுங்கி என் வீட்டுக்கும் கிணற்றுக்கும் அந்தப் பக்கம் கடல் ஓரமாக நடும்படி ராஜாராமிடம் சொல்லிவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் நான் உள்ளே, குப்பம் வெளியே. இது என் வாக்கு. குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் இருவரையும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மருமகளுக்கு ஆசீர்வாதம், மாங்காய் ஊறுகாய் இத்துடன் ஆள் மூலம் வருகிறது, முழுவதையும் ஒரே நாளில் தின்ன வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பக்தவத்சலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் வேலிக்காரர்கள் கடப்பாறையோடு வந்துவிட்டார்கள். கிணற்றடியில் மாரியம்மா வெறுங்குடத்தோடு நின்றாள். "புள்ள எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறவள், இன்றைக்கு அதையும் கேட்கவில்லை. என்னால் முடியவில்லை சம்பந்தி. வேலையாட்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கல் பிடுங்கிய இடத்தில் ஒரு கதவு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன், பூட்டு இல்லாமல். மேலே கொடுத்த வாக்கை அடித்துவிடவும்.

இன்னொன்று. மனுக் கொடுத்த அந்தப் புண்ணியவான் நான்தான். வரைபடமும் நானே போட்டேன். எழுதும்போது கடல் எனக்கு எதிரே இருந்ததால் அதையும் அதன் ஓரத்து வேலியையும் காகிதத்தில் மேலே போட்டுவிட்டேன். காண்ட்ராக்டர் மேலே இருப்பது வடக்கு என்று எடுத்துக்கொண்டு வடக்கே வேலியை நட்டுவிட்டார். "மாமா, கடல் கிழக்கே இருக்கு" என்று தெய்வநாயகி அப்போதே சொன்னாள். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் இருந்தவனுக்கே திசை சொல்லுகிறாயா என்று கேட்டேன். இன்றுவரை அவள் உங்களிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அப்படிப்பட்ட பெண்ணின் தகப்பனாரிடம் பொய் எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். இரண்டு மைல் சுற்ற வேண்டாம். பிடுங்கிய கல்லின் மேல் சிங்காரம் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார். பெண்ணின் அப்பா என்று சொல்லுங்கள், எழுந்து வழி விடுவார்.