உண்டியலில் விழுந்த கப்பல் கட்டணம்

சேசு மரி சூசை துணை

சின்ன காஞ்சீபுரம்,
1931 ஏப்ரல் 9, வியாழக்கிழமை.

என் பிரியமுள்ள தம்பி தேவசகாயத்துக்கு உன் அக்காள் பிலோமினாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். உன்னுடைய சுகத்தையும் உன் மனைவி ரோசலியின் சுகத்தையும் அறிய ஆவல். நான் சுகம் என்று எழுதியது கடிதத்தின் மரியாதைக்காக. உண்மையில் இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் வரவில்லை. யார் வரவேண்டும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது கடன் கேட்கும் கடிதம் அல்ல. உன் அத்தான் இறந்த பிறகு இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் ஒரு தபால் தலைகூடக் கேட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். ரோசலிக்கும் தெரியும், அவள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்து.

நம் செசிலியின் புருஷன் யேசுதாஸுக்கு வேலை போய்விட்டது. ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் ஈப்போ பக்கத்துத் தோட்டங்களில் குமாஸ்தாக்களை எல்லாம் நிறுத்துகிறார்களாம். தோட்டத்து வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும், இருபத்தைந்தாம் தேதி பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பல் இருக்கிறது, அதில் வந்துவிட்டால் பிழைத்தோம், அதை விட்டால் குழந்தையோடு தங்குவதற்கு இடமில்லை என்று எழுதியிருந்தாள். கூலிகளுக்குச் சர்க்கார் கப்பல் கட்டணம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறதாம், குமாஸ்தாவுக்குக் கிடையாதாம். கோட்டு போட்டவன் நீந்தி வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்போலும். நான்தான் அனுப்பவேண்டும்.

கடிதம் வந்த அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு நாமகிரி, "என்ன மாமி, அக்கரையிலேர்ந்து என்ன சேதி?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு மானேஜர் உத்தியோகம் ஆகியிருக்கிறது என்று என் வாயில் வந்துவிட்டது. பொய் சொன்னேன் என்று எண்ணாதே, கேள்வி அவ்வளவு சடுதியில் வந்தது. மானேஜர் என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? தெருவுக்குக் கற்கண்டு வழங்கினேன். ஆகவே பணம் அனுப்புவது ஒரு காரியம், அதை ஒருவருக்கும் தெரியாமல் அனுப்புவது இன்னொரு காரியம் என்று ஆயிற்று. எல்லாக் கஷ்டமும் அந்த இரண்டாவது காரியத்தில்தான் வந்தது.

தபால் கச்சேரிக்குத்தான் முதலில் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனுஷர்தான், ஆனால் கடவுள் அவருக்குக் கொடுத்த தொண்டை ஒரு தபால் கச்சேரிக்கு ரொம்ப அதிகம். "என்னம்மா, ஈப்போவுக்கா? வழக்கமா அங்கேருந்துதானே இங்க வரும்? இப்ப இங்கேருந்து போகுதா?" என்று அவர் கேட்டபோது பின்னால் நின்றிருந்த அத்தனை பேரும் முன்னால் வந்துவிட்டார்கள். கூடவே கமிஷன் இவ்வளவு, ரூபாயை வெள்ளி டாலராக மாற்றுவதில் இவ்வளவு போகும் என்று அவர் சொன்ன கணக்கும் எனக்கு ஒப்பவில்லை. கார்டு வாங்கத்தான் வந்தேன் என்று சொல்லி, ஒரு கார்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கார்டு எனக்குத் தேவையே இல்லை.

பிறகு பிள்ளையார்பாளையத்து நமச்சிவாயம் வந்தார். பட்டு நெசவுக்காரர், நம் வீட்டுப் பின்கட்டில் தறி போட்டுக் குடியிருக்கிறவர். ஒரு சிநேகிதிக்காகக் கேட்பதுபோல் அக்கரைக்குப் பணம் அனுப்புவது எப்படி என்று கேட்டேன். "பணமா அனுப்பினா கமிஷன்ல கரைஞ்சிடும்மா. பொடவையா அனுப்புங்க. அங்க செட்டியார் ஊட்டு அம்மாங்க ரெண்டு பங்கு குடுத்து வாங்கிக்குவாங்க" என்றார். அந்த யோசனை ஒரு ராத்திரி முழுக்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. விடிந்ததும் செசிலியின் ஞாபகம் வந்தது. அவள் அந்தப் புடவையை விற்பாளா? அதைக் கட்டிக்கொண்டு பூசைக்குப் போவாள், கப்பல் போய்விடும்.

சென்னையில் பாங்கிக்குப் போய் டிராப்டு எடுத்துக் கொடு என்று உன்னையே கேட்டிருக்கலாம். உன்னிடம் சொன்னால் ரோசலியிடம் சொல்வாய். ரோசலியிடம் சொன்னால் புரசைவாக்கத்தில் தபால் கச்சேரிக்கே வேலை இல்லை.

கடைசியில் சரிகைக் கடைச் சிட்டிபாபு வந்து சேர்ந்தான். பெரிய மனுஷன் மாதிரி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தெலுங்கும் தமிழும் பாதிப் பாதியாகப் பேசுகிறவன், உனக்கு ஞாபகம் இருக்கும். "அம்மகாரு, தபால் எதுக்கு? ஈப்போவில கடை வெச்சிருக்கிற செட்டியாரோட ஏஜெண்டு புதன்கிழமை நம்ம கடைக்கி வரார். இங்க ரூபாயாக் கட்டினா அங்க டாலராக் குடுத்துடுவாங்க. உண்டியல்! செலவும் கம்மி, ஒருத்தருக்கும் தெரியாது" என்றான். எனக்கு வேண்டியது இந்தக் கடைசி வார்த்தைதான். அப்போதே செசிலியின் விலாசத்தை எழுதிக்கொண்டு போனான்.

நேற்றுப் புதன்கிழமை நானே போயிருக்கவேண்டும். ஆனால் அந்தக் கடை வாசலில் நான் நின்றால் காரணம் கேட்காமல் ஒருவரும் தாண்டமாட்டார்கள். ஆகவே என் சமையல்காரி கமலாட்சியைக் கூப்பிட்டேன். பத்து ரூபாய் நோட்டுகளை என் கைக்குட்டையில் முடிந்து அவள் கையில் கொடுத்து, "இதை உண்டியலில் சேர்த்துவிட்டு வா. எங்கே, எதற்கு என்று யாரிடமும் மூச்சு விடாதே" என்று சொன்னேன். இலக்கணத்தில் பிழை இருக்கிறதா, நீயே சொல். கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் செராபின் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, சொல்வதைச் சுருக்கமாகச் சொல் என்பதுதான். அந்தச் சுருக்கத்தில் சிட்டிபாபுவின் பெயர் விட்டுப்போயிற்று.

அவள் போன சுருக்கிலே திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சேர்த்துட்டேம்மா. வாய் ரொம்பச் சின்னதா இருந்துது. ஒவ்வொரு நோட்டா மடிச்சி மடிச்சி உள்ள தள்ளினேன்."

"வாயா? யாருடைய வாய்?"

"உண்டியல் வாய்தாம்மா. நம்ம தெருக்கோடிப் பெருமாள் கோயில் உண்டியல். கவலப்படாதீங்க, ஒரு ஈ காக்காகூடப் பாக்கல."

தேவசகாயம், நான் நாற்காலியில் உட்கார்ந்தேனா, நாற்காலி என்னைப் பிடித்துக்கொண்டதா தெரியாது. "அடிப் பாவி, நான் யார் என்று உனக்குத் தெரியாதா? நான் எதற்காகப் பெருமாளுக்குக் கொடுப்பேன்?" என்று கேட்டேன். "அதாம்மா ரகசியமாக் குடுக்கச் சொல்றீங்கன்னு நெனச்சிக்கினேன்" என்றாள்.  

உடனே கோவில் தர்மகர்த்தா ஆராவமுதன் வீட்டுக்குப் போனேன். வயதானவர், மரியாதையானவர், நாற்காலி போடச் சொன்னார். கப்பலைப் பற்றி வாய் திறக்காமல், பணம் தவறி உண்டியலில் விழுந்ததை மட்டும் சொன்னேன்.

"உண்டியல்ல விழுந்தது பெருமாளோடதும்மா. நான் வெறும் காவல்காரன்."

"உங்கள் பெருமாள் என்னிடம் கேட்கவும் இல்லை, நான் அவருக்குக் கொடுக்கவும் இல்லை. அது வேறு உண்டியலுக்குப் போகவேண்டிய பணம்."

"புரியறது. ஆனா வைகாசி உத்சவம் ஆனப்புறம்தான் உண்டியலத் தெறக்கறது வழக்கம்."

"வைகாசி வரையில் கப்பல் நிற்காது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கவனிக்காததுபோல் இருந்தார்.

பிறகு, "ஒரு வழி இருக்கு. சாயங்காலம் சேவைக்கு ஊர் பெரியவா எல்லாரும் வருவா. நீங்க வாசல்ல வந்து, இது வேண்டுதல் பணம் இல்லை, இன்ன காரியத்துக்காக வெச்சிருந்தது, தவறி விழுந்துடுத்துன்னு உங்க வாயாலேயே சொல்லிடுங்கோ. எல்லாரும் ஒத்துண்டா அப்பவே தெறக்கறேன். எனக்கு மட்டும் ரகசியமாச் சொன்னாப் போறாது, நாளைக்கு என்னைக் கேப்பா" என்றார்.

இன்ன காரியத்துக்காக! அதை வெளியே சொல்வதற்கா நான் தபால் கச்சேரியிலிருந்து கார்டு வாங்கிக்கொண்டு ஓடினேன்? நாமகிரி ஒரு நாள்கூடச் சாயங்கால சேவையைத் தவறவிடுகிறவள் அல்ல. என் கற்கண்டை முதலில் வாயில் போட்டுக்கொண்டவளும் அவள்தான். ஒப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.  நேற்று ராத்திரி முழுவதும் காலண்டரைப் பார்ப்பதும், அதைத் திருப்பி மாட்டுவதுமாக இருந்தேன்.

ஆகவே நீ செய்யவேண்டியது இது. இந்தக் கடிதம் கண்டவுடன் செசிலிக்குத் தந்தி மணியார்டரில் கப்பல் கட்டணத்தை அனுப்பு. வைகாசியில் பெருமாள் திருப்பிக் கொடுத்தவுடன் நான் உனக்குத் தந்துவிடுவேன். மறுபடியும் சொல்கிறேன், இது கடன் அல்ல, கொஞ்ச நாள் உன் பணம் என் பணத்துக்குப் பதிலாக நிற்கிறது, அவ்வளவுதான். ரோசலி கேட்டால் மாப்பிள்ளையின் உத்தியோக உயர்வுக்குச் சீர் அனுப்புகிறோம் என்று சொல். அவள் நம்பும்படி முகத்தை வைத்துக்கொள், உனக்கு அது வராது, கண்ணாடியைப் பார்த்துப் பழகிக்கொள்.

சகாய மாதா உங்கள் இருவரையும் சகல ஆபத்துகளிலிருந்தும், முக்கியமாகச் சுருக்கமாகப் பேசும் பழக்கத்திலிருந்தும் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு,
உன் அக்காள்
பிலோமினாள்

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: நீ பணம் அனுப்பவேண்டாம். நேற்றுச் சாயங்காலம் இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசையைத் தேடினேன், கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே, நாளை தபால் போய், நீ படித்து, யோசித்து, ரோசலிக்குப் பொய் சொல்லப் பழகி, பாங்கியில் பணம் எடுத்து அனுப்புவதற்குள் கப்பல் கிளம்பிவிடும் என்று தோன்றிற்று. சேலையை மாற்றிக்கொண்டு நேரே கோவில் வாசலுக்குப் போய் நின்றேன். "என் மருமகனுக்கு வேலை போய்விட்டது. மானேஜர் என்று நான் சொன்னது பொய். அந்தப் பணம் என் மகள் ஊருக்கு வருவதற்குக் கப்பல் கட்டணம்" என்று, வகுப்பில் ஒப்பிப்பதுபோல், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நாமகிரி மட்டும், "இதுக்கா மாமி இத்தனை நாள் வாசப் பக்கம் வராம இருந்தேள்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடனே உண்டியலைத் திறந்தார்கள். செப்புக் காசுகளுக்கு நடுவில் நோட்டுகள் எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன, தேடவே வேண்டியிருக்கவில்லை.

இன்று காலையில் அதே தபால் கச்சேரி, அதே குமாஸ்தா. இப்போது தந்தியில் அனுப்பியதில், முதல் நாளே மணியார்டர் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிடச் செலவு அதிகம். அவர் அந்தக் கணக்கை மெதுவாகத்தான் சொன்னார். சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்றேன். மே மாத ஆரம்பத்தில் கப்பல் சென்னைக்கு வரும். நீயும் ரோசலியும் துறைமுகத்துக்குப் போங்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொல், அவள் யாரிடம் சொன்னாலும் சரி. அவளைப் பற்றி மேலே எழுதிய வரிகளை மட்டும் காட்டாதே. கடிதத்தைத் திருப்பி எழுதலாம் என்றால், இவ்வளவு காகிதத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று உண்டியலில், ஒரு நோட்டின் மடிப்புக்குள், ஒரு வெள்ளி ரூபாயும் இருந்தது. யாருடையது என்று ஆராவமுதன் கேட்டதற்குக் கமலாட்சி, "என்னுதுதான் சாமி. ராத்திரி ஜெபமாலை சொல்லச் சொல்ல அம்மா அழுதுக்கினு இருந்தாங்க. செசிலி பாப்பாவுக்குத்தான் ஏதோ கஷ்டம்னு தெரிஞ்சிது. அம்மா குடுத்ததோட என் பங்கும் இருக்கட்டும்னு போட்டேன். அது வேணாம், உள்ளயே இருக்கட்டும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். இருக்கட்டும் என்று நானும் சொன்னேன். பங்குச் சாமியாரிடம் இதை நானே சொல்லிக்கொள்கிறேன்.